பிறை கண்டு வற்றும் கடல்



மலையில் குடியிருப்பவனுக்குக் கடலைப் பற்றி எழுத என்ன உரிமை என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. நான் வசிக்கும் பேத்துப்பாறை, கொடைக்கானலுக்குக் கீழே பழனி மலைச் சரிவில் அமைந்த ஒரு சிற்றூர். இங்கே யானை வரும், காட்டெருமை வரும், கார்த்திகையில் வாசலுக்கே மேகம் வரும். அலை மட்டும் வராது. என்னிடம் ஓதும் பிள்ளைகளில் பாதிப் பேர் அண்மைக்காலம் வரை கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் எங்கள் மலைத்தொடரின் தென்சரிவில் பெய்யும் மழை, மஞ்சளாறாகவும் வராக நதியாகவும் இறங்கி வைகையில் கலந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சியது ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலில் சேர்கிறது. அந்தத் தண்ணீர் போகும் திசையில் நாங்களும் ஒருமுறை போய் வந்தோம்.

உங்களில் பலர் ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் காயல்பட்டினத்திற்கும் நாகூருக்கும் குடும்பத்தோடு செல்கிறவர்கள். கடற்கரையில் சிறிது நேரம் நின்று, காலை நனைத்து, பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்துத் திரும்புகிறீர்கள். அதே கரையில், மாதத்தில் சில நாட்களில், கடல் தன் தரையைத் திறந்து வைத்துக்கொண்டு சில மணி நேரம் காத்திருக்கிறது. எந்த நாட்களில் என்பதை அறிய உங்களுக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பிறை நாட்காட்டி போதும். அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நாற்றம் எடுத்த பை

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஏர்வாடிக்குச் செல்ல நேர்ந்தது. (தர்கா விஷயத்தில் வாசகர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன், அதை இங்கே இழுக்க வேண்டாம்.) அப்போது என் மகளுக்கு ஆறு வயது. கரையில் கிடந்த சங்குகளையும் சோழிகளையும் அவள் பொறுக்க, நானும் மனைவியும் உடன் சேர்ந்து பொறுக்கினோம். ஒரு நெகிழிப் பை நிறைந்துவிட்டது.

மறுநாள் மதுரையிலிருந்து ஏறிய பேருந்து வத்தலக்குண்டைத் தாண்டி மலைப்பாதையில் வளையத் தொடங்கியதும், பையிலிருந்து நாற்றம் கிளம்பியது. முன் இருக்கையிலிருந்த அம்மையார் மூக்கைப் பொத்திக்கொண்டார். வீடு வந்து பையைக் கொட்டியபோது, விரல் நுனியளவு சங்கு ஒன்றின் வாயிலிருந்து சிறிய நண்டுக்கால்கள் வெளியே தொங்கின. அசைவில்லை. “அத்தா, இதுக்குள்ள ஆள் இருந்துச்சா?” என்று மகள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அதைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, மற்றவற்றைக் கழுவி ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு அலமாரியில் வைத்தோம். குப்பி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து நின்றது.

பிறையும் ஓதமும்

கடல் நாள்தோறும் இருமுறை ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. ஏற்றத்தை ஓதம் என்று நம் முன்னோர் அழைத்தனர். இன்று காலை எட்டு மணிக்கு முழுதும் வற்றியிருந்தால் நாளை ஏறத்தாழ எட்டு ஐம்பதுக்குத்தான் அந்நிலைக்கு வரும். சந்திரன் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தி உதிப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கடலும் அதே கணக்கில்தான் பிந்துகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செய்திகளல்ல.

சந்திரனும் சூரியனும் பூமியோடு ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கும்போது இரண்டின் ஈர்ப்பும் கூடி வேலை செய்கின்றன. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இது நிகழ்கிறது. அதன் முழு விளைவு அதற்கு ஓரிரு நாள் கழித்துக் கரையில் தெரியும். அந்நாட்களில் நீர் மிக மேலே ஏறும். வற்றும்போது மிகக் கீழே போகும். பிறை தென்படுவதே அமாவாசைக்கு ஓரிரு நாள் கழித்துத்தான் அல்லவா? ஆகவே ஒவ்வொரு மாதமும் பிறை ஒன்று, இரண்டு, மூன்றிலும், பிறகு பதினான்கு முதல் பதினேழு வரையிலும் பெரிய வற்றம் உண்டாகிறது. பிறை எட்டு, ஒன்பதிலும், இருபத்திரண்டு முதல் இருபத்து நான்கு வரையிலும் சந்திரனும் சூரியனும் செங்கோணத்தில் நின்று இழுப்பதால் கடல் சோம்பிக் கிடக்கும். வற்றம் மிகக் குறைவு. அய்யாமுல் பீள் எனப்படும் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தாம் பிறைகளில் நோன்பு வைக்கும் வழக்கமுடையோர், அந்நோன்பு முடியும் தறுவாயில் கடல் தரை திறக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஏர்வாடிச் சந்தனக்கூடு துல்கஃதா மாதத்தின் தேய்பிறை நாட்களில் வருவதால், அந்தக் கூட்டத்தோடு செல்வோர் இக்காட்சியைக் காண்பது அரிது. நாங்களும் முதல் தடவை நாள் பாராமல்தான் போயிருந்தோம்.

இதையெல்லாம் நம்மவர்கள் அறியாதிருந்தவர்களல்லர். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ மஃஷர் என்ற வானியலார் ஓதத்துக்கும் சந்திரனுக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதினார். இந்தியாவைப் பற்றி 1030-ஐ ஒட்டி நூல் எழுதிய அல்பிரூனி, சோமநாதபுரக் கடல் சந்திரன் உதிக்கும்போதும் மறையும்போதும் ஏறுவதை அதில் குறித்திருக்கிறார். ஈர்ப்பு விசையைக் கொண்டு நியூட்டன் இதற்கு விளக்கம் தந்தது 1687-இல்.

வாலிநோக்கத்துப் பாறைகள்

2025-ஆம் ஆண்டு ஜனவரியில், ரஜப் பிறை பதினான்கு அன்று, பொங்கல் விடுமுறையைப் பயன்படுத்தி ஏழு பிள்ளைகளையும் என் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு மீண்டும் அந்தக் கரைக்குச் சென்றேன். என்னோடு பி.ஏ. படித்த கீழக்கரை நண்பர் ஒருவர் இம்முறை வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார். எழுபதை நெருங்கும் அந்தப் பெரியவர் இளமையில் சங்கு குளித்தவர். ஊரார் அவரைக் காக்கா என்கிறார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். என்னை அவர் ஆலிம்சா என்றார்.

நம் கிழக்குக் கரையின் பெரும்பகுதி மணல். பாறையிருந்தால்தான் வற்றும் நீர் குழிகளில் தங்கிக் குட்டைகளாக நிற்கும். ஏர்வாடிக்குத் தென்மேற்கே உள்ள வாலிநோக்கத்தில் அத்தகைய பாறைக்கரை இருக்கிறது. பாம்பனிலும் இராமேசுவரத்திலும் பழைய பவளக்கல் மேடுகள் உள்ளன. மன்னார் வளைகுடாவை இப்பகுதியினர் தென்கடல் என்றும், மறுபக்கத்துப் பாக் நீரிணையை வடகடல் என்றும் சொல்கிறார்கள். ஆனி, ஆடியில் தென்கடல் சீறும். வாடைக் காலத்தில் அது தணிந்து தெளிந்திருக்கும். தை, மாசியே போவதற்கு ஏற்ற காலம்.

சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீர் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஓடத் தொடங்கினர். காக்கா கையை நீட்டி மறித்தார். “ஓடினா ஒண்ணும் தெரியாது. குட்டை ஓரத்துல உட்காருங்க. உங்க நிழல் தண்ணியில விழக்கூடாது. கேள்வியெல்லாம் பொறவு.” வெள்ளிதோறும் கஹ்ஃபு ஓதுகிறவர்களுக்கு, கடலோரப் பாறையருகே மீன் மறந்துபோன நிகழ்ச்சியும், அதன்பின் மூஸா நபி (அலை) அவர்களுக்கு வழிகாட்டியவர் விதித்த நிபந்தனையும் இங்கே நினைவுக்கு வரும். என் மாணவன் ஒருவனுக்கும் வந்துவிட்டது. “ஹஜ்ரத், நாம மூணு தடவைக்குள்ள கேட்டுடுவோம்” என்று என் காதில் சொன்னான்.

ஐந்து நிமிடம் எதுவுமில்லை. முழங்கால் ஆழத்துக்கும் குறைந்த நீர், பாசி, சில கூழாங்கற்கள். பிறகு அந்தக் கூழாங்கற்களில் ஒன்று நடந்தது.

குட்டைக்குள் ஒரு மஹல்லா

நடந்தது துறவி நண்டு. என் மகளின் பையில் செத்துக் கிடந்ததும் இதுவே. இதன் பின்னுடல் ஓடில்லாமல் மென்மையாக இருப்பதால், நத்தை இறந்து விட்டுச்சென்ற சங்கினுள் புகுந்துகொண்டு அதைச் சுமந்தே திரிகிறது. உடல் வளர வளர வீடு போதாமல் பெரிய சங்கைத் தேட வேண்டும். நல்ல சங்கு ஒன்று கிடைத்தால் பல நண்டுகள் அளவு வாரியாக அடுத்தடுத்து நின்று, பெரியது விட்ட வீட்டில் அடுத்ததும், அது விட்டதில் அதற்கடுத்ததுமாகக் குடி மாறுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கரையில் கிடக்கும் வெற்றுச் சங்கு யாருக்கும் உரியதன்று என்றுதான் நாம் நினைக்கிறோம். அது வாடகைக்குக் காத்திருக்கும் வீடு.

நண்டைப் பற்றி இன்னொன்று. நாங்கள் ஹனஃபிகள், எங்கள் அடுப்பில் மீனைத் தவிர வேறு கடல் உயிர் ஏறுவதில்லை. கடற்கரையூர்க்காரர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈக்கள். அவர்களுடைய சட்டம் வேறு. உண்ணாத பொருளை நாம் உற்றுப் பார்ப்பதும் இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

பாறையின் மேல்விளிம்பில் வெள்ளையாகக் கொட்டலசு ஒட்டியிருந்தது. பையன் ஒருவன் அதன்மேல் முழங்காலை ஊன்றி இரத்தம் பார்த்தான். கல்லோடு கல்லாகத் தெரியும் இது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. நீர் வந்து மூடியதும் சிறு கதவுகளைத் திறந்து, இறகு போன்ற கால்களை வெளியே நீட்டி இரையை வாரிக்கொள்ளும். வற்றியதும் சாத்திக்கொண்டு வெயிலைப் பொறுத்திருக்கும். அதன் பக்கத்தில் தொப்பி கவிழ்த்தாற்போல ஒரு சிப்பி. இந்தச் சிப்பி இனத்தில் பல, நீர் ஏறும்போது மேயப் போய்விட்டு, வற்றுவதற்குள் பாறையில் தனக்கென்று தேய்த்து வைத்த அதே தழும்பில் வந்து அமர்கின்றன.

குட்டையின் அடியில் கடல் தாமரை விரிந்திருந்தது. மலர் போன்ற அதன் இதழ்கள் கொட்டும் தன்மையுடைய கைகள். காக்கா சிறு சிப்பித் துண்டொன்றை மெல்ல அதன்மேல் விட்டார். கைகள் சுருங்கிப் பிடித்தன. தின்னத்தக்கதன்று என்று கண்டதும் கைவிட்டன. முட்கள் நிறைந்த கடல் முள்ளெலிக்கு வாய் அடிப்புறத்தில் இருக்கிறது. அதில் ஐந்து பற்கள். பாறையையே சுரண்டித் தின்னும். நட்சத்திர மீனைப் பார்த்ததும் பிள்ளைகள் அதை எடுக்கப் பாய்ந்தனர். “தண்ணிக்குள்ளேயே பாரு” என்றார் காக்கா. அதன் உடற்குழாய்களில் ஓடுவது கடல்நீர். நூற்றுக்கணக்கான நுண்கால்கள் அந்நீரின் அழுத்தத்தால்தான் இயங்குகின்றன. வெளியே தூக்கிப் படம் பிடிப்போருக்கு அது ஒரு நிமிட வேடிக்கை.

கடல் முயல் என்றொரு பிராணியைக் கண்டோம். முயலுக்கும் அதற்கும் தலையிலுள்ள இரு மடல்களைத் தவிர ஒற்றுமையில்லை. ஓடு உள்ளடங்கிப்போன நத்தை அது. ஒரு சிறுமி விரலால் தொட, நீர் முழுதும் ஊதா நிறமாயிற்று. அவள் அலறிய அலறலில் சற்றுத் தொலைவில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பாறை இடுக்கில் பேய்க்கணவாய் ஒன்றின் கண் தெரிந்தது. அதன் வாசலில் தின்று எறிந்த சிப்பி ஓடுகள் குவிந்திருந்தன. அந்தக் குப்பையை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்ததாகக் காக்கா சொன்னார். மூன்று இதயங்களும் நீல இரத்தமும் உள்ள பிராணி அது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மண் நிறத்திலிருந்து பாசியின் நிறத்துக்கு மாறிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது, விரல் நீளம்கூட இல்லாத பழுப்பு மீன்தான். விரட்டினால் ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குத் தாவுகிறது. நடுவிலுள்ள பாறை மேட்டுக்கப்பால் நீர் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் குறி தவறுவதில்லை. இதன் நெருங்கிய உறவான ஒரு கோபி மீனை ஆராய்ந்த ஆரன்சன் என்ற அமெரிக்கர், நீர் ஏறி நிற்கும்போது அந்த மீன் தளத்தின்மேல் நீந்திப் பள்ளங்களின் இருப்பிடத்தை மனத்தில் பதித்துக்கொள்கிறது என்று 1951-இல் எழுதினார். ஒரே ஓதத்தில் கற்றதை வாரக்கணக்கில் அது மறப்பதில்லை என்பதையும் பின்னர் சோதித்துக் கண்டார். ஹிஃப்ழுப் பாடத்தை ஒரே வாரத்தில் கைவிட்டுவிடும் என் மாணவர்களை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

பிறகு கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு பொருளைக் காக்கா எடுத்துக் காட்டினார். ஆட்டுக் கொம்புபோல முறுக்கி, அறை அறையாக, உலர்ந்த தோல் நிறத்தில் இருந்தது. “சங்குப்பூ” என்றார். எங்கள் பிள்ளைகளுக்குச் சங்குப்பூ என்றால் வேலியில் படரும் நீலப்பூ. அவர்கள் சிரித்தார்கள். இது சங்கு முட்டையிடும் கூடு. ஒவ்வோர் அறையிலிருந்தும் குஞ்சுச் சங்குகள் வெளிவரும். இந்தச் சங்கைத் தேடித்தான் கீழக்கரை முஸ்லிம் குளியாட்களும் தூத்துக்குடிப் பரதவர்களும் மூச்சடக்கி மூழ்கினார்கள். அது வங்காளத்துக்குப் போய் மணமான பெண்களின் வளையலாயிற்று. ஜேம்ஸ் ஹார்னெல் என்ற மீன்வளத்துறை அதிகாரி 1914-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

மணல் தின்னும் அட்டை

ஒரு கல்லைக் காக்கா இரு கையாலும் புரட்டினார். அடியில் கருநிறக் கடல் அட்டை ஒன்று சுருண்டு கிடந்தது. அதைச் சுற்றிக் கடுகளவு நண்டுகள் சிதறி ஓடின. எல்லோரும் பார்த்து முடித்ததும் கல்லை அதே பக்கமாகத் திரும்ப வைத்தார். “வெயிலு பட்டா அடியில உள்ளது எல்லாம் மௌத்து. வீட்டைத் திறந்தவன் சாத்திட்டுத்தான் போவணும்.” எங்கள் ஊர் ஓடையில் நண்டு தேடிக் கல்லைப் புரட்டி அப்படியே போட்டுவிட்டு வரும் ஏழு பேரும் வாய் திறக்கவில்லை.

கடல் அட்டை மணலைத் தின்று, அதிலுள்ள அழுக்கை உணவாக்கிக்கொண்டு, சுத்தமான மணலை வெளியேற்றுகிறது. நம்மவர் எவரும் இதை உண்பதில்லை. ஆனால் அவித்து உலர்த்தினால் சீனர்களிடம் நல்ல விலை. தலைமுறை தலைமுறையாக இவ்வூர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் போய்க்கொண்டிருந்தது. 2001-இல் மத்திய அரசு இதனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் சேர்த்தது. கடல் குதிரையும் பவளங்களும் அவ்வாண்டிலேயே பட்டியலில் ஏறின. பிடித்தாலும் வைத்திருந்தாலும் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. “அட்டை வித்த காசுலதான் எம் மூத்த மகளைக் கட்டிக் கொடுத்தேன், ஆலிம்சா. அடுத்தவளுக்கு முறை வந்தப்போ அதே அட்டை திருட்டுச் சாமான் ஆயிடுச்சு” என்றார் காக்கா. குரலில் கோபமில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையில் உரிமம் பெற்று இதே அட்டையை எடுக்கிறார்கள் என்பதையும் சொன்னார்.

அட்டை குறைந்து போயிற்று, தடை அவசியமாயிற்று என்று அறிஞர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. குறைந்ததைக் கண்ணால் கண்டவர் காக்காவே. மூழ்கிய இடமெல்லாம் கிடைத்த காலமும், நாள் முழுதும் தேடி இரண்டு கிடைத்த காலமும் அவருக்குத் தெரியும். ஆனால் அக்கடலை அங்குலம் அங்குலமாக அறிந்த இவரைப் போன்றவர்களை அழைத்து, எதை விடலாம், எதை எடுக்கலாம், எவ்வளவு காலம் ஓய்வு கொடுக்கலாம் என்று முன்கூட்டி யாரேனும் கேட்டிருந்தால், சட்டத்துக்குக் கடலிலேயே ஆயிரம் காவலர்கள் கிடைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அப்படி நடந்ததற்கு உதாரணமும் அருகிலேயே இருக்கிறது. இராமநாதபுரக் கரையில் பெண்கள் கடற்பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று அவற்றுக்குப் பெயர். இடுப்பில் பையைக் கட்டி, கையில் துணி சுற்றிக்கொண்டு, வற்றத்தை நோக்கி இறங்குவார்கள். பாசி குறைவதைக் கண்டு, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் தொடுவதில்லை என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளைப் பேணும் பணிக்காகத் தரப்படும் சீகாலஜி பரிசு 2015-இல் கிடைத்தது.

தூரத்தில் தெரியும் தீவுகள்

வாலிநோக்கத்துக்கு அப்பால் கடலில் தெரியும் தீவுகள் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர்; 1986-இல் அறிவிக்கப்பட்டது. 117 வகைக் கடினப் பவளங்கள் இங்கே பதிவாகியுள்ளன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் பவளக்கல்லை வெட்டியெடுத்ததில் அரண் போய், இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்து ஏராளமாக மடிந்தன. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இலேயே நூல் வெளியிட்டது. அதில் கண்டவற்றை இன்று தேட வேண்டியிருக்கிறது. அனுமதியின்றித் தீவுகளில் இறங்கக்கூடாது.

நம் தென்கடலில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறுவதில்லை. ஆகவே இங்குள்ள குட்டைகள் சிறியவை. வடக்கே போகப் போக நிலைமை வேறு. குஜராத்தில் ஜாம்நகர் அருகேயுள்ள நராராவில் கடல் பல மீட்டர் இறங்கிவிடுவதால், வழிகாட்டியோடு பவளத் திட்டுகளுக்கு நடுவே கால்நடையாகவே நெடுந்தூரம் செல்லலாம். மும்பை ஹாஜி அலிக்குச் சென்றவர்கள், ஓதத்தில் பாதை மூழ்கி வற்றத்தில் வெளிப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாதையின் இருபுறத்துப் பாறைக் குட்டைகளிலும் கடல் தாமரையும் பவளமும் இருப்பதை, ‘மரைன் லைஃப் ஆஃப் மும்பை’ என்ற குழுவினர் 2017 முதல் மக்களை அழைத்துச் சென்று காட்டி வருகிறார்கள். கடற்கரைச் சாலைக்காக அங்கிருந்த பவளங்களில் சிலவற்றை 2020-இல் பெயர்த்து வேறிடத்தில் நட வேண்டியதாயிற்று. நெரிசலில் காலணியைத் தேடிக்கொண்டே நடப்பதால் நாம் எவரும் அந்தக் குட்டைகளைக் குனிந்து பார்ப்பதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

பெரிய வற்றம் உள்ள பிறையைத் தேர்ந்துகொண்டு, வற்றும் மணி நேரத்தை உள்ளூர் மீனவரிடம் கேளுங்கள். ஒரே ஊரில் பெரிய வற்றம் எப்போதும் ஏறத்தாழ ஒரே வேளையில்தான் வரும். அதற்கு ஒரு மணி முன்பே கரையில் இருங்கள். நீர் திரும்பத் தொடங்கியதும் வெளியேறிவிடுங்கள். வெறுங்காலோடு இறங்க வேண்டாம். பின்வார் உள்ள செருப்பு நல்லது. புர்கா அணிந்த பெண்களுக்கு என் மனைவி சொல்லச் சொன்னது: நனைந்த விளிம்பு பாசிப்பாறையில் காலைச் சுற்றும், கணுக்கால் அளவில் நிறுத்தி, நீண்ட காலுறை அணிந்துகொள்ளுங்கள். அவர் இருமுறை வழுக்கி விழுந்த அனுபவத்தில் சொல்வது இது.

கூம்பு வடிவில், வலை பின்னினாற்போல அழகிய கோலமிட்ட சங்கைக் கண்டால் எக்காரணம் கொண்டும் கையில் எடுக்கவோ சட்டைப் பையில் போடவோ பிள்ளைகளை விடாதீர்கள். கூம்புச் சங்கு உயிரோடிருந்தால் ஊசிபோன்ற பல்லை நீட்டிக் குத்தும். சில வகைகளின் நஞ்சு ஆளைக் கொல்லக்கூடியது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. கடைகளில் தொங்கும் பவளத் துண்டையும் காய்ந்த கடல் குதிரையையும் வாங்காதீர்கள். வாங்குவதும் குற்றம்தான்.

இனி எங்கள் குப்பியின் கதை. இம்முறை புறப்படும்போது மகள் அதையும் எடுத்து வந்திருந்தாள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. காக்காவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் குப்பியைக் கவிழ்த்து, ஓட்டையில்லாதவையாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு சங்குகளைப் பொறுக்கி, ஒரு குட்டையின் அடியில் கல்லோரமாக வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி அமர்ந்தோம். அரை மணி நேரம் ஆயிற்று. துறவி நண்டுகள் இரண்டு அவ்வழியே போயின. ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. நீர் ஏறத் தொடங்கி, குட்டையின் விளிம்பு மறைந்தது.

“வீடு பார்க்க ராத்திரியிலதான் வரும்மா” என்றார் காக்கா. இராமநாதபுரம் போய் மதுரை வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்ததால் நாங்கள் புறப்பட்டோம்.